பற்றுக்குச் சான்று: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் தரும் பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒருவருடைய உழைப்பு அவர் காலத்துக்குப் பின்னும் நினைக்கப்பட வேண்டும் என்று பணம் ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு மாலைப்பொழுதை அறிவுக்கென்று கொடுப்பது பற்றுடையவர்கள் செய்யும் காரியம். ஆகவே இன்றைய உரைக்குப் பற்றையே பொருளாக எடுத்துக்கொண்டேன். இடம் நம்முடைய குடாநாடு. காலம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு.

ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்கள் விரைவிலேயே கையாளத் தொடங்கும் அடைமொழிகளில் ஒன்று 'ஃபேர்வென்ற்'. பக்தியிலோ கொள்கையிலோ ஒருவர் கொதிப்போடு ஈடுபட்டிருந்தால் அவருடைய பெயருக்கு முன் அதை வைக்கிறோம். 'ஆர்டென்ற்', 'செலஸ்' என்பவை அதன் உறவுச் சொற்கள். 'பிகொட்டெட்', 'ஃபனற்றிக்கல்' என்பவையும் அதே கொதிப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் அவற்றை நமக்குப் பிடிக்காதவர்களுக்கென்று வைத்திருக்கிறோம். நம் கொள்கையை விடாமல் பிடித்திருப்பவர் ஆர்வலர்; மாற்றான் கொள்கையை அதே உறுதியோடு பிடித்திருப்பவர் வெறியர். இரண்டிலும் உறுதி ஒன்றுதான். எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே அடைமொழியைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்க மிஷனறிமார் 1816 முதல் இங்கிருந்து தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்களையும் அறிக்கைகளையும் படிப்பவர்கள் இந்த வழக்கத்தை அடிக்கடி காணலாம். ஞானஸ்நானம் பெற்று ஊழியத்துக்கு வந்தவர் ஆர்வமுள்ளவர். திருநீற்றை அழிக்க மறுத்து வாதாடியவர் மூடபக்தர். நம்மவர்களின் கண்டன நூல்களும் இதற்குக் குறைந்தவையாக இருக்கவில்லை. தம் பக்கத்தவர் மெய்யன்பர். மறுபக்கத்தவர் தூஷணக்காரர், உத்தியோகத்துக்காக மதம் மாறியவர். இரு தரப்பாரும் ஒரே காலத்தில், ஒரே கிராமங்களில், ஒருவரையொருவர் பார்த்து எழுதியவை இவை.

இதை ஒரு மொழிப் பயிற்சியாகக் கருதிக் கடந்துபோக யாழ்ப்பாணத்தவர்களாகிய நம்மால் முடியாது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவருடைய பெயருக்கு முன் 'தீவிரவாதி' என்றோ 'துரோகி' என்றோ ஒரு சொல் ஏறினால் அவர் உயிரோடு வீடு திரும்புவது நிச்சயமில்லை என்ற நிலையை இந்த மண் கண்டது. அடைமொழி வைப்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பற்றின் தரத்தை அதன் சூட்டைக் கொண்டு அளக்க முடியாது. அந்தப் பற்று ஒருவரை என்ன வேலை செய்ய வைத்தது, அந்த வேலை அதே பற்று இல்லாதவருக்கும், ஏன், அதை எதிர்ப்பவருக்கும் பயன்பட்டதா என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இந்த அளவுகோலை நம் கையில் தந்திருக்கிறது. அது தேறிய இடங்களையும் தவறிய இடங்களையும் வரிசையாகப் பார்ப்போம்.

பைபிளுக்குத் தமிழ் கண்ட சைவர்

ஆறுமுக நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பாடசாலையில், இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில், பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தார், அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பைபிளைப் புதிதாகத் தமிழில் மொழிபெயர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டபோது அவருக்குத் துணையாக அமர்ந்தவர் இந்த இளைஞர்தான். சைவ ஒழுக்கத்தை விடாமலேயே அந்த வேலையைச் செய்தார். வேலை முடிந்து 1848-இல் இருவரும் சென்னைக்குச் சென்று மொழிபெயர்ப்பை அறிஞர் பார்வைக்கு வைத்தார்கள் என்றும், மழவை மகாலிங்கையர் அதன் தமிழை ஏற்றுக்கொண்டார் என்றும் நாவலர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். 1850-இல் அது சென்னையில் அச்சேறியது.

தாம் நம்பாத ஒரு வேதத்தை, பல ஆண்டுகள் வரிவரியாக, பிழையின்றி, அழகாகத் தம் மொழியில் வர வைப்பதற்கு உழைத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த உழைப்பில் வஞ்சகம் இருந்ததாகப் பேர்சிவல் சொன்னதில்லை. தம் சமயத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்ததாக நாவலரை எவரும் குற்றஞ்சாட்டியதும் இல்லை. பேர்சிவலும் அவரை மதம் மாறச் சொல்லி வேலையை நிபந்தனையாக்கவில்லை. இருவரும் தத்தம் நம்பிக்கையில் அசையாதவர்கள். தமிழ் சரியாக வர வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

அதே நாவலர் 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-இல் அவர் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. அந்தப் பயணத்திலேயே ஓர் அச்சியந்திரத்தையும் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். 1854-இல் மிஷனறிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாகச் 'சைவ தூஷண பரிகாரம்' வெளிவந்தது. அதில் அவர் எடுத்தாண்ட ஆதாரங்களில் பெரும்பகுதி பைபிளிலிருந்தே வந்தது. பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டில் இருந்த பலி, தூபம், தீபம், தீட்டு முதலியவற்றை எடுத்துக்காட்டி, இவை உங்கள் வேதத்தில் சரியானால் எங்கள் கோயிலில் எப்படிப் பிழையாகும் என்று கேட்டார். வேதாகமத்தைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்த கைக்கு அந்த ஆதாரங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

வாதம் அப்படியிருக்க, எதிர்த்தரப்பிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டவை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வாரந்தோறும் கூடும் சபைக்குச் செய்யும் பிரசங்கம், வகுப்புக்கு ஏற்றபடி படிப்படியாக உயரும் வாசிப்புப் புத்தகம், சிறுவருக்கான வினாவிடை, செய்யுளை விட்டு வெளிவந்த தெளிந்த வசனம், நிறுத்தக்குறி, மலிவான அச்சு: இவற்றையெல்லாம் மிஷன் பாடசாலையில் கண்டு, தம் சமயத்துக்கும் தமிழுக்கும் அவர் பயன்படுத்தினார். பாலபாடங்கள், இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம், 1852-இல் வந்த பெரியபுராண வசனம், 1861-இல் வந்த திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்பு என்று நீளும் அந்த வரிசையில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் தமிழ் கற்க உதவும் நூல்கள் பல. பிழை பொறுக்காத பதிப்பு என்பதற்கு நாவலர் பதிப்பே தமிழில் நெடுங்காலம் அளவாக இருந்தது. அந்தப் பிழை பொறுக்காமைக்குக் காரணம் அவருடைய பக்தி. பலன் பக்தருக்கும் பக்தரல்லாதவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. 1877-இல் பஞ்சமும் கொள்ளைநோயும் குடாநாட்டை வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்கு ஊட்டியவரும் அவரே. 1879 டிசம்பர் 5-ஆம் நாள், 57 வயது நிறைவதற்கு முன், மறைந்தார்.

மானிப்பாய் வைத்தியர்

நாவலர் பிறந்த அதே 1822-இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பிறந்தார். நாவலர் முதற் பிரசங்கம் செய்த அதே 1847-இல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். இருவரும் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். கிறீன் வைத்தியர், அதற்கு முன்பாக, அதற்கு மேலாக, கிறிஸ்துவை அறிவிக்க வந்தவர். அவருடைய நம்பிக்கையின் வேகத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

மானிப்பாயில் அவர் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் தெரிந்த வைத்தியர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்து நோயாளி முன்போலவே தனித்து விடப்படுவதையும் கண்டபோது, கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பாடநூல் வேண்டும். பாடநூலுக்குக் கலைச்சொல் வேண்டும். இரண்டையும் தம் மாணவரான தமிழ் வைத்தியர்களைத் துணைக்கொண்டு உருவாக்கினார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று உடற்கூற்றிலிருந்து இரசாயனம் வரை நூல்கள் வந்தன. அவர் மேற்பார்வையில் தமிழான பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும். அவரிடம் பயின்ற வைத்தியர் தொகை அறுபதைத் தாண்டும். 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் அங்கிருந்தபடி தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884-இல் இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்பதே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தம் மாணவர்கள் கிறிஸ்தவராக வேண்டும் என்று விரும்பிய கிறீன், அவர்கள் காற்சட்டை அணிந்து ஐரோப்பியரைப் போல ஆவதை விரும்பவில்லை. தமிழராகவே, தமிழுடையிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னார். அவருடைய சமயப் பிரசாரம் எத்தனை பேரை மாற்றியது என்பது இன்று நமக்குப் பெரிய கேள்வியில்லை. அறிவியலின் எந்தத் துறையையும் தமிழில் கற்பிக்க முடியும் என்று அவர் செய்து காட்டியது சைவருக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் சமயமே வேண்டாதவருக்கும் சொத்தாகிவிட்டது. 'தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?' என்று இன்றும் கேட்பவர்களுக்கு மானிப்பாய் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது.

அகராதிக்காரர்கள்

பற்று வெளிப்படுவதற்கு மேடைப்பேச்சு எளிய வழி. அகராதி செய்வது கடினமான வழி. அதில் கைதட்டு இல்லை. பிழை மட்டுமே பிறர் கண்ணில் படும். யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைத் தொடங்கியவர் ஜோசப் நைற் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் இறந்தபோது, அவர் சேர்த்த சொற்களோடு வேலை நின்றுவிடவில்லை. வேறு மிஷன்களைச் சேர்ந்தவர்கள் அதை ஏற்றார்கள். 1842-இல் உடுவில் சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பில் 58,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ்-தமிழ் அகராதி ஒன்று வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் அதை அழைக்கிறோம். பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை மைரன் வின்ஸ்லோ முடித்தார். உடுவிலில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1836-இல் சென்னைக்குப் போன அவர், 1862-இல் அதை வெளியிட்டார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். இரண்டே ஆண்டுகளில், நாடு திரும்பும் வழியில், தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் இறந்தார்.

அந்த அகராதியின் உள்ளே சைவசித்தாந்தக் கலைச்சொல் இருக்கிறது. சோதிடச் சொல் இருக்கிறது. சித்த வைத்தியச் சொல் இருக்கிறது. புராணப் பெயர்கள் இருக்கின்றன. எந்த நம்பிக்கைகளை மாற்ற வேண்டும் என்று வின்ஸ்லோ கடல் தாண்டி வந்தாரோ, அந்த நம்பிக்கைகளின் சொற்களையே விட்டுவிடாமல் சேர்த்தார். பொருளைத் திரிக்காமல் எழுத முயன்றார். அதற்கு இராமானுஜக் கவிராயர் போன்ற தமிழ்ப் புலவர்கள் உதவினார்கள். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதியைத் திட்டமிட்டபோது, வின்ஸ்லோவைத் திருத்தி விரிப்பது என்ற எண்ணத்திலிருந்தே அது தொடங்கியது.

கூடத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெறுப்பு அகராதி செய்யாது. தான் ஏற்காத சொல்லையும் அதன் உரிமையாளர் சொல்லும் பொருளில் பதிவதற்கு மிகுந்த நேர்மை வேண்டும். சமயப் பற்று அந்த நேர்மையை விழுங்காமல் இருந்ததுதான் அந்தத் தலைமுறையின் பெருமை.

சிறுப்பிட்டியிலிருந்து தொல்காப்பியத்துக்கு

இரு முகாம்களின் உழைப்பும் ஒரே மனிதரில் வந்து சேர்ந்ததற்கு எடுத்துக்காட்டு சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832-இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர். 1823-இல் தொடங்கிய அந்தச் செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றை உயர்நிலையில் கற்பித்தார்கள். இளமையில் கிறிஸ்தவராக இருந்தவர். பேர்சிவல் சென்னையில் நடத்திய 'தினவர்த்தமானி'யின் ஆசிரியர் பொறுப்புக்கு அழைக்கப்பட்டவர் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: ஒருவர் இவர், மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை.

தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பினார். திரும்பியபோது மிஷன் கல்வி கொடுத்த கருவிகளைத் தூக்கி எறியவில்லை. ஏடுகளை ஒப்பிடுதல், பாடபேதம் காணுதல், காலம் ஆராய்தல், முன்னுரையில் தம் ஆதாரங்களைச் சொல்லுதல் ஆகியவற்றைப் பழந்தமிழ் நூல்களுக்குப் பயன்படுத்தினார். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு, நாவலர் பார்வையிட, வெளிவந்தது. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் களவியலுரை, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை. தொட்டால் ஒடியும் ஓலைகளையும், நூலை அவிழ்க்கும்போதே உதிரும் ஓரங்களையும் அவர் தம் பதிப்புரைகளில் எழுதியிருப்பதைப் படித்து மனம் கலங்காத தமிழர் இருக்க மாட்டார். வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். 1889-இல் அவர் பதிப்பித்த சூளாமணி சமணக் காப்பியம். சைவராக வாழ்ந்தவர் பிற சமயத்தார் நூலைத் தமிழின் நூல் என்று எண்ணிக் காத்தார். அவருடைய தமிழ்ப் பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கண்டனங்கள் எங்கே போயின?

கறல் விசுவநாதபிள்ளையின் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. சுதுமலையில் பிறந்து, கிறிஸ்தவராகி, செமினரியில் கணிதம் கற்பித்தவர். நாவலரின் 'சைவ தூஷண பரிகார'த்துக்கு எதிராகச் 'சுப்பிரதீபம்' எழுதினார். பிற்காலத்தில் அவரே சைவத்துக்கு மீண்டார். அவருடைய வாதத்தை அவருடைய வாழ்க்கையே பின்தள்ளிவிட்டது. ஆனால் 1855-இல் அவர் தமிழில் எழுதிய 'வீசகணிதம்' எந்த மதமாற்றத்தாலும் பொய்யாகவில்லை. கண்டனத்தை இன்று ஆய்வாளர் மட்டும் தேடிப் படிக்கிறார்கள். அட்சரகணிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்றே அவரை நாம் போற்றுகிறோம்.

அருட்பா-மருட்பாப் போரும் இத்தகையதே. வள்ளலாரின் பாடல்களுக்குத் திருவருட்பா என்ற பெயர் பொருந்துமா என்ற வாதம் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் மறைந்த பின்னும், புலோலி நா. கதிரைவேற்பிள்ளை காலத்தில், மறுபடியும் வழக்கானது. கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு. வி. க. 1904-இல் ஆசிரியருக்காக நீதிமன்றம் சென்றதால் மெட்றிக்குலேஷன் பரீட்சை எழுத முடியாமற் போனார். அவருடைய பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. இரு தரப்பிலும் இருந்தவர்கள் பேரறிஞர்கள். ஆர்வத்தில் ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். அந்தப் போர் தமிழுக்கு விட்டுச்சென்றது துண்டுப்பிரசுரக் கட்டுகள். இன்று வள்ளலாரின் பாடல்களும் நாவலரின் பதிப்புகளும் ஒரே வீட்டு அலுமாரியில் பகையின்றி இருக்கின்றன. இருவரின் பற்றுக்கும் சாட்சி சொல்பவை அவைதாம்.

மூடியிருந்த கதவு

இதுவரை பெருமையைப் பேசினேன். இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் நம் முன்னோர் தவறிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை பிறருக்கும் பயன்பட்டதா என்று கேட்கும்போது, அந்தப் பிறர் யார் என்ற கேள்வி எழும். கிறிஸ்தவருக்கும் சைவருக்கும் இடையே ஏடும் எழுத்தும் தாராளமாகப் போய்வந்த அதே ஊர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாசல் மூடியிருந்தது; அல்லது திண்ணையோடும் தரையோடும் நின்றது. நாவலரின் சைவ மறுமலர்ச்சி வருணாசிரம எல்லைக்குள் நின்றது. இதை மறைப்பது நாவலருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மிஷன் பாடசாலைகளும் உயர்த்தப்பட்ட சாதியினரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பல இடங்களில் விட்டுக்கொடுத்தன.

இந்தக் கதவைத் தள்ளியவர்கள் அடுத்த தலைமுறையினர். 1924-இல் மாணவர் அமைப்பாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், 1927 நவம்பரில் காந்தியடிகளை இங்கே வரவேற்றது. 1931-இல் முழுச் சுயராச்சியம் கேட்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும், ஒன்றாக உண்ண வேண்டும் என்ற சம ஆசன, சம போசனக் கோரிக்கைகளுக்கு அது துணைநின்றது. 1930 அளவில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்கே நெருப்பு வைத்தார்கள். தீ வைத்தவர்களுக்கும் பற்று இருந்தது. தம் வழக்கத்தின் மீது உயிரையே வைத்திருந்தார்கள். சூட்டை அளந்தால் அவர்களும் ஆர்வலர்கள்தாம். அவர்கள் விட்டுச்சென்றது சாம்பல். காங்கிரஸின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம், மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, கற்பித்து, பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து தலைமுறைகளை வளர்த்தார். அப்படியிருந்தும் 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக உரிமை கேட்டு அமர வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எரிந்ததும் எஞ்சியதும்

இருபதாம் நூற்றாண்டிலும் பெரும் பற்றாளர்கள் நமக்கு வாய்த்தார்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கத்துக்காக ஓயாது வாதாடியவர். அவருடைய வாதத்தை ஏற்காதவர்களும் அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியையும் யாழ்ப்பாண வரலாற்று ஆராய்ச்சியையும் தள்ள முடியாது. ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1952-இல் 'தமிழ் கல்சர்' இதழைத் தொடங்கி, 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்கக் காரணமாகி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டினார். அந்த மேடையில் சமயமோ நாடோ எவருக்கும் தடையாக இருக்கவில்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஒரு தனிமனிதர், க. மு. செல்லப்பா, 1933-இல் தம் வீட்டில் வைத்துத் தொடங்கிய சிறு வாசிகசாலை, 1959-இல் பெருங்கட்டடமாகத் திறக்கப்பட்டு, 97,000 நூல்களோடு நின்றது. சமயம், சாதி, கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் திறந்திருந்த இடம் அது. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் மொழியறிஞர் தாவீது அடிகள் உயிர்நீத்தார்.

1989 செப்டெம்பர் 21-ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கிறீன் தமிழில் கற்பித்த அதே உடற்கூற்றியலைக் கற்பித்தவர். 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர். எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவருடைய பற்று. ஒருவருடைய நம்பிக்கைக்கு அடைமொழி வைத்துவிட்டு, அவர் செய்யும் வேலையைப் பார்க்க மறுக்கும் சமூகம் எதை இழக்கும் என்பதற்கு அவருடைய மரணம் சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே மாணவர்களை மூன்று காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, எவரையும் ஆர்வலர் என்றோ வெறியர் என்றோ எழுதுவதற்கு முன், அவர் செய்த வேலையை ஒரு வசனத்தில் எழுதுங்கள். அந்த வசனம் நிறைவாக அமைந்துவிட்டால் பெரும்பாலும் அடைமொழி தேவைப்படாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் இந்த ஒழுக்கம் ஒன்றுதான்.

இரண்டாவது, உங்கள் கொள்கைக்கு எதிரானவரின் நூலை அவர் சொல்லும் பொருளில் படியுங்கள். நாவலர் பைபிளைப் படித்ததைப் போலவும், வின்ஸ்லோ சைவச் சொற்களைத் தொகுத்ததைப் போலவும் படித்த பிறகு மறுப்பு எழுதுங்கள். அப்போது எழுதுகிற மறுப்புக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது, வீடுகளில் எஞ்சியிருக்கும் ஏடுகளையும் பழைய பாடநூல்களையும் பாடசாலை மலர்களையும் கோயில் மலர்களையும் தேவாலய மலர்களையும் பஞ்சாங்கங்களையும் கடிதங்களையும் காப்பாற்றுங்கள். 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் தொகுப்பு ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. அதுவும் பற்றாளர்களின் கைவேலைதான். கரையான் தின்னும் முன், மழை நனைக்கும் முன், வீடு விற்கும் முன், உங்கள் வீட்டு அலுமாரியில் இருப்பதைப் பார்த்து, நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். அதில் உங்கள் சமயத்து நூல், மாற்றுச் சமயத்து நூல், உங்கள் சாதியார் நூல், ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் துண்டுப்பிரசுரம் என்று பிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் கொடுங்கள். தாமோதரம்பிள்ளை பிரிக்கவில்லை.